பழைய சிங்கர்: வயிற்றைக் கழுவுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்

காரைக்குடியோ சென்னையோ, பழம்பொருள் கடைகளில் சிங்கர் தையல் மிஷின் தலைகள் இரண்டு கோலத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று புது கறுப்பு பெயிண்ட் அடித்து, புதிதாக ஒட்டிய தங்கப் பூவேலையோடு கண்ணாடி போல மின்னும். இன்னொன்று தூசியும் பழுப்புப் பிசுக்குமாக, சக்கரம் கூடச் சுற்றாமல் மூலையில் கிடக்கும். இரண்டாவதை வாங்குங்கள். முதலாவதின் முகத்தை யாரோ அழித்துவிட்டார்கள், வயிற்றை யாரும் பார்க்கவில்லை. பழைய மிஷினுக்குச் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். உள்ளே ஈவு இரக்கமில்லாமல் கழுவ வேண்டும், வெளியே ஏறக்குறைய ஒன்றுமே செய்யக் கூடாது.

வெளியே ஏன் கை வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அந்தக் கறுப்பிலேயே இருக்கிறது. அது நாம் நினைக்கிற பெயிண்ட் இல்லை. தார் சேர்ந்த வார்னிஷை வார்ப்பிரும்பின் மேல் பூசி, சூளையில் சுட்டு இறுக்கியது. அதன் மேல் தங்கச் சித்திரங்களை நீரில் நனைத்து ஒட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அரக்கு வகை வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. மர பாலிஷுக்கு நம் ஆசாரிகள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறார்களே, அந்தச் சாதி. ஸ்பிரிட்டில் கரைவது ஸ்பிரிட்டிலேயே கரைந்து போகும். ஆகவே ஸ்பிரிட், சானிட்டைசர், தின்னர், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் எதுவும் மிஷின் பக்கமே வரக் கூடாது. ஒரு தடவை துடைத்ததும் துணியில் பழுப்பு ஏறும், அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைப்பார்கள். போவது அழுக்கு இல்லை, பூச்சு. இரண்டாவது துடைப்பில் தங்கம் வெள்ளியாக வெளுக்கும், மூன்றாவதில் பூவே காணாமல் போகும்.

வெளிப்புறத்துக்கு மிஷின் எண்ணெயே போதும். பழைய பனியன் துணியில் சில சொட்டு விட்டு, ஒரு உள்ளங்கை அகல இடத்தில் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிடிவாதமான பிசுக்குக்கு இதையே நான்கு நாள் செய்யலாம். முதலில் படுக்கையின், அதாவது மிஷினின் தட்டையான அடித்தளத்தின், பின்பக்கம், கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். துணியில் தங்கத் துகள் தெரிந்தால் அந்த இடத்தை அதோடு விட்டுவிடுங்கள். படுக்கையின் முன் விளிம்பில் தையற்காரரின் கை உரசி உரசிப் பூவேலை தேய்ந்திருக்கும். அதைப் புதுப்பிக்கத் தோன்றும். வேண்டாம், அந்த இடம் வெறுமையாக இருப்பதே அழகு.

வாங்குவதற்கு முன் அடையாளம் பார்க்கத் தெரிய வேண்டும். சிங்கரின் வரிசை எண் படுக்கையின் வலது முன்பக்கம், சற்று மேடான ஒரு சின்னத் திட்டில் வெட்டப்பட்டிருக்கும். 1900-க்கு முந்தைய எண்களில் எழுத்து இருக்காது. அதன் பிறகு வந்தவற்றில் முன்னால் ஓர் எழுத்தோ இரண்டோ வரும். எஃப், பி (P), ஆர், எஸ், வி, ஒய் என்று ஆங்கில எழுத்து தொடங்கினால், அல்லது 1935 முதல் வந்த 'ஈ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால், அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் பிறந்தது. 'ஏ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து அமெரிக்காவின் எலிசபெத் நகரம். தனி 'சி' ஜெர்மனியின் விட்டன்பெர்கே. மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் 'கே', கிளைடுபேங்க் ஆலை நின்ற கில்போவி என்ற இடத்தின் முதலெழுத்து. 15கே, 66கே, 201கே என்பதெல்லாம் அப்படித்தான்.

அந்த ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1885-ல் இயங்கத் தொடங்கியது. நான்கு பக்கமும் முகமுள்ள பிரம்மாண்டமான கடிகாரக் கோபுரம் ஊர் முழுக்கத் தெரியும். 1911 மார்ச்சில் அங்கே ஒரு பிரிவில் பெண்களின் வேலையை ஏற்றிவிட்டதற்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய 11,000 தொழிலாளர்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது. கடிகாரக் கோபுரம் 1963-ல் இடிக்கப்பட்டது, ஆலை 1980-ல் மூடப்பட்டது. மிச்சமிருப்பது 'சிங்கர்' என்ற பெயரில் இன்றும் அங்கே இருக்கும் ரயில் நிலையம். நம் வீட்டுத் திண்ணையில் பாட்டி மிதித்த மிஷின் பல அந்தக் கோபுரத்தின் கீழே வார்த்துச் சுட்டவை.

இங்கே அவை வந்தது தவணை முறையால். 1856-லேயே அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தவணைக்கு மிஷின் கொடுக்கத் தொடங்கியது. அதன் மூளை ஐசக் சிங்கரைவிட அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் என்பதே சரி. இலங்கையில் 1877-ல் கால் வைத்தது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சிங்கர் வணிகத்தை வளர்த்தவர் நஸர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்ற பார்சி. 1924-ல் யந்திரங்களைப் பற்றிப் பேசும்போது காந்தி விதிவிலக்காகக் கைகாட்டியதும் சிங்கர் தையல் மிஷினைத்தான். 1930-களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் 'உஷா'வைக் கொண்டுவந்தபோது, எடுத்துக்கொண்ட அடிப்படை சிங்கர் 15-ன் வழிதான்.

அதனால்தான் முதல் மிஷின் வாங்குபவருக்கு 15 வகையைச் சொல்வேன். கீழ்நூல் சுற்றும் வட்ட பாபின், இடது பக்கத்திலிருந்து செருகும் பாபின் கேஸ், இடது முகத்தகட்டில் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யும் டென்ஷன். பாபின், கேஸ், ஊசி மூன்றும் எந்த ஊர் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். 66 வகையில் பாபினை மேலிருந்தே போடலாம், ஊசிக்கு முன்னால் ஒரு தகடு விலகும். 99 அதன் முக்கால் அளவுத் தங்கை. 27-லும் 28-லும் நீளமான பாபின், தோட்டா வடிவ ஷட்டிலுக்குள் படுத்திருக்கும். அந்த ஷட்டில் ஊசல் போல வளைவாக முன்னும் பின்னும் வீசும். 28 என்பது 27-ன் முக்கால் அளவு. பாபின் சுற்றும் கருவி தாழ்வாகப் படுக்கை அருகே இருந்தால் 27 அல்லது 28, மேலே சக்கரத்தின் பக்கம் இருந்தால் பிந்தைய 127 அல்லது 128. பூவேலையில் ஸ்பிங்க்ஸ் உருவம் வரும் மிஷின்கள் இந்த ஷட்டில் வகைகளில்தான் அதிகம். பார்க்க இவையே கொள்ளை அழகு. ஆனால் ஷட்டில் தொலைந்திருந்தால் தேடி அலைய வேண்டும், ஆகவே தகடை விலக்கி ஷட்டில் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

66-ன் பாபினும் 15-ன் பாபினும் ஒன்று போலத் தோன்றும். 15-ன் பாபின் பக்கங்கள் தட்டை, 66-ன் பக்கங்கள் லேசாக வெளியே புடைத்து வளைந்திருக்கும். மாற்றிப் போட்டால் ஓடும், ஆனால் நூல் விட்டு விட்டு இழுக்கும். டென்ஷன் கெட்டுவிட்டதென்று திருகாணியைத் திருகித் திருகி ஒரு நாளை வீணாக்குவார்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. திருகாணிகளின் வெட்டுக்குள் பெயிண்ட் இருந்தால் மறுபெயிண்ட் அடித்த தலை. வரிசை எண் பெயிண்டில் மூழ்கி மங்கியிருந்தாலும் அப்படியே. கையால் சுற்றும் மாடல் என்றால், கைப்பிடியின் விரல் சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே நுழைய வேண்டும். ஆரமில்லாத, அடைத்த சக்கரமென்றால் கைப்பிடி பொருத்தவே முடியாது. தூணின் பின்பக்கம் மோட்டார் அல்லது கைப்பிடி மாட்டும் மேட்டுப் புடைப்பும் இருக்க வேண்டும். சக்கரம் சுற்றவில்லை என்பது குறையில்லை. தலையில் விரிசல், ஊசிக்கம்பியில் ஆழமான துரு, பாபின் ஓடும் வட்டத்தில் குழித் துரு, இவைதான் குறை.

விலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1951-ல் நூற்றாண்டுக்காக '1851–1951' என்று நீல விளிம்போடு ஒரு பட்டை வந்தது. அது அபூர்வம் என்று அதிக விலை சொல்வார்கள். அந்த ஆண்டு முழுக்க வந்த மிஷின்களில் இருந்தது அது. இன்னொன்று கொடுமையானது. 2009-ல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, செல்போனை ஊசியருகே கொண்டுபோனால் போன் துண்டிக்கும் என்று ஒரு வதந்தி கிளம்பி, மிஷினை 2 லட்சம் ரியால் வரை கேட்டார்கள். வார்ப்பிரும்பும் எஃகும் தவிர உள்ளே ஒன்றுமில்லை. அப்படி யாராவது உங்கள் வீட்டு மிஷினைக் கேட்டு வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இப்போது வயிறு. உறைந்து நிற்கும் மிஷினில் பத்துக்கு ஒன்பது துருவால் உறைந்ததில்லை. எண்ணெயால் உறைந்தது. மிஷின் எண்ணெய் இல்லாத நாளில் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டிருப்பார்கள். தாவர எண்ணெய் காற்றில் நாளாக ஆகக் கெட்டியாகி, தூசியும் பஞ்சும் சேர்ந்து பிசின் போலப் பிடிக்கும். அதன் மேல் புது எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரக் கரையாது. கரைப்பது மண்ணெண்ணெய்.

முதலில் எது உறைந்திருக்கிறது என்று பாருங்கள். சக்கரத்தின் நடுவிலிருக்கும் பெரிய குமிழை உங்கள் பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றால் கோளாறு உள்ளே. சக்கரமே அசையவில்லை என்றால் அது அச்சின் மேல் ஒட்டியிருக்கிறது, வேலை பாதிதான். குமிழைக் கழற்றும்போது அதன் ஓரத்திலுள்ள பொடித் திருகாணியை முதலில் தளர்த்த வேண்டும். உள்ளே மூன்று காதுள்ள ஒரு வாஷர் இருக்கும். எடுக்கும் முன் அது நின்ற விதத்தைப் படம் எடுத்து வையுங்கள். திரும்பப் போட்டபின் பாபின் சுற்றும்போது ஊசி நிற்காமல் ஏறி இறங்கினால், வாஷரை வெளியே எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள். பலர் மிஷினே கெட்டதாக நினைக்கும் இந்தக் கோளாறு, இந்த ஒரு அரைச் சுற்றில் தீரும்.

தலையைச் சாய்த்து, துணியை நகர்த்தும் பல்லின் மேல் உள்ள தட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றுங்கள். பழைய சிங்கரில் இருப்பது சிங்கரின் சொந்த மரை, இன்றைய மெட்ரிக் திருகாணி ஏறாது. ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் கழற்றிய வரிசையில் வையுங்கள். திருப்புளி வெட்டுக்குள் முழு அகலத்துக்கு உட்கார வேண்டும், இல்லையென்றால் தலை சிதையும். தட்டைத் தூக்கியதும் பல் வரிசைகளுக்கு நடுவே பஞ்சு கம்பளிபோல் அமுங்கி ஒரு கட்டியாகவே வரும். சில மிஷின்களில் அதை ஊசியால் நெம்பி எடுத்தால் பல்லின் வடிவம் அச்சு மாறாமல் அதில் பதிந்திருக்கும். துணி நகரவில்லை என்று குறைபட்ட மிஷின்கள் பல இந்தக் கட்டியால்தான் நின்றிருக்கின்றன. பல் மேலே எழ இடமில்லை.

பஞ்சு போனபின் ஊசியில்லாத சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து, மேலே தெரியும் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும், இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். முகத்தகட்டைக் கழற்றினால் உள்ளே ஊசிக்கம்பியும், துணியை அமுக்கும் காலைத் தாங்கும் கால்கம்பியும் தெரியும், அங்கேயும். கீழே, தலையின் அடியில் நீளமாகப் போகும் இரண்டு தண்டுகளின் முனைகளிலும். மறக்கப்படுவது பாபின் சுற்றும் கருவியும் கால்கம்பியும். இரவெல்லாம் ஊறட்டும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள். சுத்தியல், நீளக் குழாய் நெம்புகோல், எதுவும் கூடாது. வார்ப்பிரும்பு உடைந்தால் ஒட்டாது. முடி உலர்த்தும் கருவியின் சூட்டை இரும்பில் காட்டினால் பிசின் இளகும். மண்ணெண்ணெய் ஆவி போனபின் மட்டும் அதைச் செய்யுங்கள், அருகில் அடுப்பு வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும். இப்படி இரண்டு நாள், நான்கு நாள், சில தலைகளுக்கு ஒரு வாரம்.

ஒரு நாள் சக்கரம் திடீரென்று முழுச் சுற்று போகும். பிறகு நின்றுவிடாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். துளைகளிலிருந்து காப்பிக் கஷாயம் போலக் கறுப்பாக வழியும். துணியை அடியில் விரித்து, தெளிவாக வழியும் வரை சுற்றுங்கள். பூவேலை மேல் படும்போதெல்லாம் உடனே துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் எண்ணெயில்லை, அதை அப்படியே விட்டால் உரசித் தேயும். ஆகவே அன்றே ஒவ்வொரு இடத்திலும் மிஷின் எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் சுற்றி, இரவு ஒரு துணியை அடியில் போட்டு வைத்து, மறுநாள் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. தினமும் தைக்கும் மிஷினுக்கு தினமும் எண்ணெய், எப்போதாவது தைப்பதற்கு வாரம் ஒரு முறை. காட்சிக்கு வைத்த மிஷினையும் மாதம் ஒரு முறை இருபது சுற்று சுற்றுங்கள். கடலோர ஊர்களில் ஈரம் கூர்மையானது, பளபளக்கும் பாகங்களில் எண்ணெய்த் துணியால் ஒரு வருடல் போதும்.

மோட்டார் உள்ள மிஷின் என்றால் செருகுவதற்கு முன் வயரை வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் உறை பொடியாக உதிர்ந்தால் அப்படியே செருகாதீர்கள், மாற்றிவிட்டுத்தான். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 110 வோல்ட். நம் 230-ல் சொருகினால் மோட்டார் அன்றே போகும்.

மிதி மிஷினில் தோல் பெல்ட் தளர்ந்திருக்கும். தலையை அதன் இடத்தில் உட்காரவைத்து, பெல்ட்டை இரு சக்கரத்திலும் போட்டு, விரலால் அமுக்கினால் லேசாக இறங்கும் அளவுக்கு வெட்டி, கொக்கியால் கோர்த்துக்கொள்ளுங்கள். புதுத் தோல் நாலு நாளில் நீளும், அதற்காக முதலிலேயே இறுக்கினால் மிதி பாரமாகி சக்கரத்தின் தண்டும் தேயும். பின்னால் ஒரு துண்டு மட்டும் குறைத்துக்கொள்ளலாம். மிதியின் இரு பக்கக் கூம்பு முனைகளும் ஆடாமலும் இறுகாமலும் நிற்க வேண்டும். ஆடினால் வரும் 'டக் டக்' சத்தத்தை மிஷின் கோளாறு என்று எண்ணி மேலே தேடுவார்கள்.

பிறகு ஊசி. பெரும்பாலான குடும்ப சிங்கர்களுக்கு 15×1 வகைதான், சாதாரணக் காடாத் துணிக்கு 14 அல்லது 16 எண். பழைய 12 வகை போன்றவற்றுக்கு வேறு ஊசி, பழைய ஊசி ஒன்று மிஷினிலேயே இருந்தால் தூக்கி எறியாமல் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊசித் தண்டின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று குழம்பினால், கீழே மேல்நூலைக் கவ்வும் கொக்கி ஊசியின் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் தட்டை. நூல் எதிர்ப்பக்கத்து நீள வாய்க்காலின் வழியே கோர்க்க வேண்டும். 15-ல் தட்டை இடது பக்கம், நூல் வலமிருந்து இடம். 66-ல் தட்டை வலது, நூல் இடமிருந்து வலம். இதைத் தலைகீழாகப் போட்டால் ஒரு தையலும் விழாது, கோளாறு டைமிங்கில், அதாவது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரத்தில், என்று திருகாணியைக் கழற்றுபவர்கள் உண்டு. ஊசியைத் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் டைமிங்கில் கை வைக்கவே கூடாது.

கடைசியில் டென்ஷன். நூல் நடக்கும் இரண்டு வட்டத் தகடுகளின் புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், பழைய நூல் இழைகளை அவற்றிடையே துணியால் வருடி எடுங்கள். கால் கீழே இருக்கும்போதுதான் தகடுகள் பிடிக்கும். கால் மேலே இருக்கையில் நூல் லூசாகப் போவது குறையில்லை. பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டால் தானாக இறங்காமல், மெல்லக் குலுக்கினால் சில விரற்கடை இறங்க வேண்டும். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் நூல் போட்டு, இரட்டை மடிப்புத் துணியில் தைத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கம் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் டென்ஷனைத் திருகும் முன் நூலை எடுத்து, காலைத் தூக்கி, மறுபடி கோர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் நூல் தகடுகளுக்கு இடையே உட்காரவில்லை, அவ்வளவுதான். அப்புறமும் தெரிந்தால் மேலே சிறிது இறுக்குங்கள். மேல்பக்கம் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேலே சிறிது தளர்த்துங்கள்.

இரண்டு நிறமும் துணியின் நடுவில் சந்தித்து, இரு பக்கமும் தன் நிறம் மட்டும் தெரியும் ஒரு கோடு ஓடும்போது, தட்டைக் கழற்றி, பாபின் கேஸை உள்ளே வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் கவனியுங்கள். கொக்கியின் மூக்கு ஊசியின் பின்னால் வந்து மேல்நூலின் சின்ன வளையத்தைக் கவ்வும். அந்த வளையம் விரிந்து, பாபின் கேஸ் முழுவதையும் ஒரு பிரதட்சணம் சுற்றி, மேலே ஏறி மறையும். ஒவ்வொரு தையலிலும் முழு பாபினும் நூலின் ஒரு சுருக்கு வழியே கடந்துபோகிறது. கேஸின் விரல் அந்த வட்டத்தில் மேலே பார்க்க நிற்க வேண்டும். அது கொஞ்சம் சாய்ந்தாலும் சுருக்கு அதில் மாட்டி அங்கேயே அறுந்துபோகும்.